தட்டில் விட்டுவந்த ஊசி

அன்புள்ள குட்டிக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் தம்பியும் நலம். நீயும் நலம் என்று தெரிந்துகொள்கிறேன், எப்படி என்றால் சமையலறையில் உன் அம்மா ஃபோனில் தாழ்ந்த குரலில் பேசுவதில் பாதி காதில் விழுகிறது, நான் உள்ளே நுழைந்ததும் அவள் திடீரென்று குரலை உயர்த்தித் தண்ணீர் மோட்டாரைப் பற்றிப் பேச ஆரம்பிப்பதில் மீதி புரிகிறது. அந்த மோட்டார் சரியாகி வெகுநாள் ஆயிற்று, உன்னோடு பேசும்போது மட்டும் இன்னும் பழுதாகவே இருக்கிறது. அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, மாடிப்படியில் மட்டும் முனகுகிறாள். தம்பி வேலை தேடுகிறான், அதாவது தேடுவதாகச் சொல்கிறான். மேல்வீட்டுக்காரர்களின் ஏசித் தண்ணீர் நம் சுவரில் வழிவது நிற்கவில்லை, சொல்லிப் பார்த்துவிட்டேன், இப்போது எதிரில் வந்தால் நான் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன். உன் சித்தப்பா வாங்கிக்கொண்டு போன ஏணி இன்னும் வரவில்லை. கேட்டால் "எந்த ஏணி அண்ணே" என்கிறான். நான் கேட்பதை நிறுத்திவிட்டேன், மறக்கவில்லை. என் குணம் உனக்குத் தெரியும், எதையும் மறப்பதில்லை, அந்தக் குணத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

அன்று நீ ஃபோன் செய்தது எனக்கு, அம்மாவுக்கு அல்ல. இதை நான் வெகுநாள் கழித்துத்தான் யோசித்தேன். இருவருக்கும் ஒரே நர்ஸ் தொழில், அப்பாவுக்குப் புரியும் என்று நினைத்திருப்பாய். பக்கத்துக் கட்டில்காரருக்கு வைத்திருந்த காலை மாத்திரைகளை ஒரு வயதான அம்மாவுக்குக் கொடுத்துவிட்டேன், ரத்த அழுத்த மாத்திரை, அவங்களுக்குத் தலைசுற்றல் வந்துவிட்டது, பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டேன், பிறகு நானே போய் மேலிடத்தில் சொல்லிவிட்டேன் அப்பா என்று நீ மூச்சுவிடாமல் சொன்னாய். உன் குரல் நடுங்கியது எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் நான் கேட்ட முதல் கேள்வி, "யார் யாருக்குத் தெரியும்?" இரண்டாவது, "நீயாப் போய் ஏன் சொன்ன, புத்தி இருக்கா உனக்கு?" அதற்குப் பிறகு, இத்தனை வருஷ சர்வீஸில் நான் ஒரு தடவைகூட மருந்து மாற்றிக் கொடுத்ததில்லை, கவனம் உள்ளவர்கள் கையில் இதெல்லாம் நடக்காது, என் மகள் என்று வெளியே சொல்லிக்கொள்ளவே கூச்சமாக இருக்கிறது என்றேன். நீ "சரிப்பா" என்று சொல்லி வைத்துவிட்டாய். நாம் கடைசியாகப் பேசியது அதுதான். இந்த மாதத்தோடு வார்டு வேலையை விட்டுவிட்டு ஏதோ ஒரு கடையின் கவுன்ட்டரில் உட்காரப் போகிறாய் என்று நேற்று அம்மா சொன்னாள். அவளிடம் ஃபோனை வாங்கிப் பேசியிருக்கலாம், அவளும் நீட்டினாள். நடுவில் ஒருவரை வைத்துக்கொண்டு பேசுவதில் என்ன நடக்கும் என்று எனக்கு இப்போது தெரியும், அதனால் வேண்டாம் என்றேன்.

எங்கள் வார்டு இன்சார்ஜ் அம்மாளைப் பற்றி நீ சின்ன வயதிலிருந்தே கேட்டிருக்கிறாய், இரவுச் சாப்பாட்டின்போது நான் வேறு எதைப் பற்றிப் பேசினேன். படிப்பில் எனக்குக் கீழே, சர்வீஸில் எனக்குக் கீழே, நரம்பில் ஊசி ஏற்ற அந்த அம்மாளுக்குக் கையைப் பிடித்துக் கற்றுக்கொடுத்தவனே நான். அந்த நாற்காலி எனக்கு வரும் என்று வார்டில் எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்தபோது அது அவருக்குப் போயிற்று. அன்றிலிருந்து நான் அவரோடு பேசுவதில்லை. ஒரே வார்டில், ஒரே மேஜையில், ஒரே நோயாளிகளோடு இருந்துகொண்டு எப்படிப் பேசாமல் இருந்தாய் என்று கேட்பாய். அதற்கு ஆயா அக்கா இருந்தார். "கட்டில் ஏழுக்கு டிரிப் முடியப்போகுதுன்னு இன்சார்ஜ்கிட்ட சொல்லுங்கக்கா" என்று நான் சொல்வேன், அவர் இரண்டடி தள்ளி நிற்கும் இன்சார்ஜிடம் திரும்பி அதையே சொல்வார், பதில் அதே வழியில் வரும். வார்டில் அவருக்கு ரேடியோ அக்கா என்றே பேர் ஆகிவிட்டது. நோயாளிகள்கூடச் சிரிப்பார்கள், நான் அதைக் கௌரவம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இன்சுலின் போன்ற மருந்தை ஊசியில் ஏற்றினால் இரண்டு பேர் சேர்ந்து நின்று பார்க்க வேண்டும் என்பது விதி, உங்கள் ஊரிலும் அப்படித்தான் இருக்கும். நாங்கள் சேர்ந்து நிற்க மாட்டோம். நான் ஊசியை ஏற்றித் தட்டில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுவேன். அவர் வந்து பார்த்துவிட்டுச் சீட்டில் டிக் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார். பிறகு நான் வந்து எடுத்துக்கொண்டு போவேன். ஒருவர் இருக்கும் இடத்தில் இன்னொருவர் இல்லாமல் இப்படி வருஷக்கணக்காக விதியைக் காப்பாற்றினோம்.

டூட்டி மாறும்போது அந்த அம்மாள் நடுவில் நின்று பேசுவார், எல்லாரும் சுற்றி நின்று கேட்பார்கள். அவர் வாயைத் திறந்ததும் நான் கை கழுவப் போய்விடுவேன். முழங்கை வரை சோப்புப் போட்டு நிதானமாகக் கழுவுவேன், அவர் முடிப்பதற்குச் சரியாகத் துடைத்துக்கொண்டு வருவேன். அந்த வார்டில் என் கையைப் போலச் சுத்தமான கை யாருக்கும் கிடையாது. நீ ஃபோன் செய்ததற்குப் பிறகு ஒரு நாள் காலை அவர் அப்படிச் சொன்னது என்ன என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. இனிமேல் இன்சுலின் வேறு சரக்கு வருகிறது, பழையது ஒரு மில்லியில் நாற்பது யூனிட், புதியது நூறு, அதற்கு ஆரஞ்சு மூடி போட்ட சிரிஞ்ச் தனியாகக் கீழ் டிராயரில் இருக்கிறது, சிவப்பு மூடி பழைய குப்பிக்கு மட்டும்தான் என்று சொல்லியிருக்கிறார். அந்த நேரத்தில் நான் நகக்கண்ணில் இருந்த சோப்பைக் கழுவிக்கொண்டிருந்தேன். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால், காலில் புண்ணோடு வந்திருந்த ஒரு பஸ் டிரைவருக்கு இருபது யூனிட் போட வேண்டும். குளிர்பெட்டியிலிருந்து குப்பியை எடுத்தேன், அது புதியது. பேரைப் படித்தேன், காலாவதித் தேதியைப் படித்தேன், பெட்டி அதே இடத்தில் அதே நிறத்தில் இருந்ததால் அதன் கீழே இருந்த எண்ணைப் படிக்கவில்லை. மேல் டிராயரில் வழக்கமான சிவப்பு மூடி சிரிஞ்ச் மிச்சம் கிடந்தது, அதில் இருபதாவது கோடு வரை இழுத்தேன். உனக்கு விளக்க வேண்டியதில்லை, ஆனாலும் எழுதுகிறேன், எழுதும்போதுதான் எனக்கு உறைக்கிறது. அந்தச் சிரிஞ்சில் இருபது கோடு என்றால் அரை மில்லி. புதிய மருந்தில் அரை மில்லி என்றால் ஐம்பது யூனிட். குப்பியைத் திரும்பக் குளிர்பெட்டியில் வைத்தேன், ஊசியைத் தட்டில் வைத்தேன், நகர்ந்தேன். இன்சார்ஜ் வந்தார், சீட்டில் இருபது, கோட்டில் இருபது, மூடி சிவப்பு என்றால் குப்பி பழையது என்று எடுத்துக்கொண்டு டிக் போட்டார், நகர்ந்தார். எந்தக் குப்பி என்று அவர் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். கேட்பது என்றால் என்னிடம் பேச வேண்டும்.

அந்த டிரைவர் நல்ல மனிதர், வாய் சும்மா இருக்காது. ஊசி போடும்போது, "பிரதர், உங்க கை பட்டா கொசு கடிச்ச மாதிரிகூட இல்ல" என்றார். சாப்பாடு அன்று தாமதம், வந்ததையும் பாதிதான் சாப்பிட்டிருக்கிறார். கொஞ்ச நேரம் கழித்துப் பக்கத்துக் கட்டில்காரர் என்னைக் கைதட்டிக் கூப்பிட்டு, "இவரு என்னை ஸ்டாப்புல இறங்கச் சொல்றாரு, வந்து பாருங்க" என்றார். நான் முதலில் சிரித்தேன். கிட்டே போனால் தலையணை முழுக்க வியர்வை, கண் என்னைப் பார்க்கிறது ஆனால் பார்க்கவில்லை, கை மட்டும் ஸ்டியரிங்கைத் திருப்புவது போல் திரும்பிக்கொண்டிருந்தது. சர்க்கரையைப் பார்த்தேன், மெஷினில் அடிமட்டமாக வந்த எண்ணைப் பார்த்து மெஷின் கெட்டுவிட்டது என்று நினைக்கப் பார்த்தேன், அந்த அளவுக்கு என் மேல் எனக்கு நம்பிக்கை. டூட்டி டாக்டர் ஓடிவந்தார், நரம்பு வழியாக குளுக்கோஸ் ஏற்றினோம், கொஞ்ச நேரத்தில் டிரைவர் கண்ணைத் திறந்து, "எதுக்கு இத்தனை பேரு, வண்டி நின்னு போச்சா?" என்றார். அவர் பிழைத்ததில் எனக்கு ஒரு பங்கும் இல்லை, பக்கத்துக் கட்டில்காரர் தூங்கியிருந்தால் கதை வேறு. டாக்டர், "எவ்வளவு போட்டீங்க?" என்று கேட்டார். "இருபது" என்றேன். அப்போது நான் பொய் சொல்லவில்லை. டாக்டர் தட்டில் கிடந்த சிவப்பு மூடியை எடுத்துப் பார்த்தார், குளிர்பெட்டியைத் திறந்து குப்பியைப் பார்த்தார், இரண்டையும் என் முன்னால் வைத்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் அவர்மேலும் ஒரு கோபத்தைச் சேர்த்து வைத்துக்கொண்டு தப்பித்திருப்பேன்.

குட்டி, இனி எழுதுவதுதான் எனக்கு வெட்கம். தவறு செய்தது அல்ல, அது எவருக்கும் நேரும் என்று இப்போது எனக்கே தெரியும். குப்பியையும் சிரிஞ்சையும் பார்த்தபடி நின்றபோது டிரைவரைப் பற்றி எனக்கு நினைப்பு வரவில்லை. யார் யார் பார்த்தார்கள் என்றுதான் வார்டைச் சுற்றிப் பார்த்தேன். உன்னிடம் கேட்ட அதே கேள்வி. அதற்கு அடுத்தபடியாக ஒன்று தோன்றியது, தோன்றியபோது சந்தோஷமாகக்கூட இருந்தது. சீட்டில் டிக் இருக்கிறது, டிக் அவருடையது. மேட்ரன் அறைக்குப் போகும் நீளமான வராந்தாவில் நான் கிட்டத்தட்ட நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன். மேட்ரன், "உட்காருங்க, என்ன நடந்ததுன்னு நீங்களே சொல்லுங்க" என்றார். நான் உட்காரவில்லை. "இன்சார்ஜ் சரிபார்த்து டிக் போட்ட ஊசியைத்தான் நான் போட்டேன்" என்று ஆரம்பித்தேன். இத்தனை வருஷம் படித்த படிப்பு, பேசிய பேச்சு எல்லாம் சேர்ந்து என் வாயிலிருந்து வந்த முதல் வாக்கியம் அது. மேட்ரன் அந்த அம்மாளையும் கூப்பிட்டார். அவர் வந்து நின்றார், என்னைப் பார்க்கவில்லை. நான் டிக்கைப் பற்றிச் சொன்னதை மேட்ரன் திருப்பிச் சொன்னதும், "ஆமா மேடம், குப்பியைப் பார்க்காமத்தான் டிக் போட்டேன். கேட்டிருக்கணும். கேட்டா பதில் சொல்ல மாட்டாருன்னு கேட்கல. அது என் தப்பு" என்றார். பிறகு, "பேஷண்ட்டுக்கு மணிக்கொரு தடவை சுகர் பார்க்கணும், நான் போகட்டுமா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். சண்டைக்கு வருவார், நானும் ஒரு கை பார்க்கலாம் என்று தயாராக வந்தவன் நான். மேட்ரன் என்னைப் பார்த்து, "இப்ப உட்காருங்க, மறுபடி முதல்லேர்ந்து சொல்லுங்க" என்றார். உட்கார்ந்தேன். கை கழுவப் போனதிலிருந்து சொன்னேன்.

டிரைவரின் மனைவியிடமும் நான்தான் சொல்ல வேண்டும் என்றார்கள். சாயங்காலம் சாப்பாட்டுத் தூக்கோடு வந்த அந்த அம்மாவை வராந்தாவில் நிறுத்திச் சொன்னேன். பெரிய பெரிய வார்த்தைகளாகப் போட்டுப் பார்த்தேன், அவருக்குப் புரியவில்லை. கடைசியில், "மருந்தை அதிகமாப் போட்டுட்டேங்க, கவனிக்கலை" என்றேன். அது புரிந்தது. தூக்கைக் கீழே வைத்தார், மறுபடி எடுத்துக்கொண்டார். "இனிமே அவருக்கு நீங்க போடாதீங்க, வேற யாரையாவது அனுப்புங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். டிரைவர் வீட்டுக்குப் போகும்வரை அந்தக் கட்டிலருகே நான் மருந்தோடு போகவில்லை. அவர் தூரத்திலிருந்தே பேசுவார். "பிரதர், நானும் ஒரு தடவை பிரேக்குன்னு நினைச்சு ஆக்ஸிலேட்டரை மிதிச்சிருக்கேன், ஒரு டீக்கடையே உள்ள வந்துடுச்சு" என்று சத்தமாகச் சொல்லிச் சிரித்தார். அவர் மனைவி சிரிக்கவில்லை. அந்த அம்மா பக்கம்தான் நியாயம் என்று எனக்குப் பட்டது.

எனக்கு மெமோ கொடுத்தார்கள், கொஞ்ச நாள் ஊசி போடும் வேலையிலிருந்து எடுத்துப் பயிற்சி வகுப்பில் உட்கார வைத்தார்கள், உன் வயதுப் பிள்ளைகளோடு பெஞ்சில் உட்கார்ந்து சிரிஞ்சின் கோடுகளைப் படித்தேன். அதைவிட, எல்லா வார்டும் கூடும் கூட்டத்தில் எழுந்து நின்று நடந்ததைச் சொல்ல வேண்டும் என்றபோது, இதற்கு வேலையை விட்டுவிடலாம் என்று நினைத்தேன். ஆக, வேலையை விடும் யோசனை உனக்கு மட்டும் வந்தது அல்ல. எழுந்து நின்றேன், காது இரண்டும் சூடாகிவிட்டது. நடந்ததைச் சொல்லி முடித்தேன். பிறகு பின்வரிசையில் ஒரு சின்னப் பெண், வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது, எழுந்து, "சார், எங்க வார்டுல நானும் அதே சிவப்பு மூடியைத்தான் எடுத்தேன். கூட நின்ன சிஸ்டர் பார்த்து நிறுத்திட்டாங்க. திட்டுவாங்கன்னு வெளிய சொல்லல" என்றாள். அவள் வார்டுக்குப் புதிய மருந்து முன்பே வந்துவிட்டது, அது நடந்தது எனக்கு முந்தின வாரம். உனக்குப் புரிகிறதா? அவள் வாயைத் திறந்திருந்தால் பழைய சிரிஞ்சை அப்போதே டிராயர்களிலிருந்து எடுத்திருப்பார்கள். அவள் ஏன் சொல்லவில்லை என்றால், சொன்னால் என்ன கிடைக்கும் என்று என்னைப் போன்றவர்கள் அவளுக்குக் காட்டி வைத்திருக்கிறோம். அன்றே எல்லா வார்டிலும் சிவப்பு மூடியை மூட்டை கட்டி எடுத்துக்கொண்டு போனார்கள். நீயாகப் போய் ஏன் சொன்னாய் என்று நான் உன்னைக் கேட்டேனே, அதற்கான பதில் ஒரு மூட்டையாக என் கண்முன்னால் தள்ளுவண்டியில் போயிற்று. ஒரு தடவைகூடத் தவறியதில்லை என்று உன்னிடம் பெருமை பேசினேனே, அதையும் இப்போது யோசிக்கிறேன். சரிபார்க்க வேண்டியவரோடு பேசாத ஆள் நான். தவறியிருந்தால் எனக்கு யார் சொல்லியிருப்பார்கள்?

நான் திருந்தி மகானாகிவிட்டேன் என்று நினைத்துவிடாதே. அந்த நாற்காலி எனக்கு வந்திருக்க வேண்டியது என்றுதான் இன்றும் நினைக்கிறேன். இன்சார்ஜும் நானும் நண்பர்கள் ஆகவில்லை, ஆகவும் மாட்டோம். ஆனால் இப்போது தட்டில் வைத்துவிட்டு நகர்வது கிடையாது. இருவரும் ஒரே மேஜையில் தோளோடு தோள் நிற்க வேண்டும், ஒருவர் குப்பியைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டுப் படிக்க வேண்டும், மற்றவர் திருப்பிச் சொல்ல வேண்டும். முதல் நாள் நான் குப்பியை எடுத்து அதன் பேரையே திரும்பத் திரும்பப் பார்த்தேன். அவர் காத்துக்கொண்டு நின்றார். "நூறு" என்றேன். "நூறு" என்றார். "ஆரஞ்சு மூடி." "ஆரஞ்சு மூடி." "இருபது யூனிட்." அவர் ஊசியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "இருபது யூனிட்" என்றார். வருஷங்கள் கழித்து நாங்கள் பேசிக்கொண்டது அதுதான், இன்றுவரை எங்களுக்குள் அதைத் தவிர வேறு பேச்சு இல்லை. பின்னால் நின்ற ஆயா அக்கா, "அப்ப இந்த ரேடியோவுக்கு இனிமே வேலை இல்லையா" என்றார். இன்சார்ஜ் சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை, ஆனால் கை கழுவும் இடத்துக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன்.

இதையெல்லாம் நேற்றுத்தான் அம்மாவிடம் சொன்னேன், அதுவரை வீட்டில் மூச்சுவிடவில்லை. அவள் துணி மடித்துக்கொண்டே கேட்டாள். ஆறுதல் சொல்வாள் என்று பார்த்தேன். "இதை அவகிட்ட சொன்னீங்களா?" என்று மட்டும் கேட்டாள். இல்லை என்றேன். மடித்த துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள், திரும்பி வரும்போது கையில் காகிதமும் பேனாவும் இருந்தன.

நீ வேலையை விடக்கூடாது என்று நான் உத்தரவு போடவில்லை, அந்த உரிமையை நானே கெடுத்துக்கொண்டேன். உனக்கு அந்த வேலை பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடு, கவுன்ட்டரில் உட்கார், நல்ல வேலைதான், உட்கார்ந்து பார்க்கலாம், கால் வீங்காது. ஆனால் நான் அன்று சொன்னதற்காக விடாதே. அன்று நான் சொன்னதில் ஒரு வார்த்தைகூடச் சரியில்லை, எல்லாவற்றையும் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். தவறியதும் அந்த வயதான அம்மாவின் பக்கத்தில் நின்றாய், பிறகு போய்ச் சொன்னாய். அதே இடத்தில் உன் அப்பா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு இன்னொருவரைக் காட்டிக்கொடுக்கப் போனான். கவனம் உள்ளவர்கள் கையில் என்று உனக்கு வகுப்பெடுத்தேன் அல்லவா, நம் இருவரில் யார் கையில் ஒரு நோயாளியை ஒப்படைக்கலாம் என்று யாராவது கேட்டால், உன் பேரைச் சொல்வேன்.

வேளைக்குச் சாப்பிடு. நின்று நின்று வேலை பார்க்கிறவள், நல்ல செருப்பாக வாங்கிக்கொள், அதில் சிக்கனம் பார்க்காதே. எந்த ஊரில், எந்த வேலையில் இருந்தாலும் நீ நிம்மதியாகத் தூங்கி எழ வேண்டும், அதுதான் என் ஆசீர்வாதம், அம்மாவுடையதும் அதுவே. ஒரே ஒரு வேண்டுகோள், இதற்குப் பதிலை அம்மாவிடம் சொல்லி அனுப்பாதே. திட்டுவதாக இருந்தாலும் எனக்கே ஃபோன் செய்து திட்டு, நான் குறுக்கே பேச மாட்டேன். நீ திட்டி முடித்ததும் இரண்டு கேள்வி கேட்பேன், இரண்டும் அன்றே கேட்டிருக்க வேண்டியவை. அந்த வயதான அம்மாவுக்குப் பிறகு எப்படி இருந்தது? அன்றைக்கு ராத்திரி நீ யாரோடு இருந்தாய்?

ஃபோனைப் பக்கத்திலேயே வைத்திருக்கும்,
உன் அப்பா